பச்சை விளக்கு எரிகிறதா? தறிக்குடோன் வீட்டில் பேபி மானிட்டர் வைத்த அனுபவம்

பாப்பாவுக்கு நாலு மாசம் நிறைந்த வாரம். மத்தியானம் பால் கொடுத்து, தூளியில் போட்டு ஆட்டித் தூங்க வைத்துவிட்டு மனைவி தறிக்குடோனுக்கு வந்தாள். அன்றைக்குப் பார்த்து மூணு தறியில் ஒரே நேரத்தில் தார் (குறுக்கு நூல் சுற்றிய குழல்) தீர்ந்திருந்தது. பத்து நிமிடத்தில் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தது அரை மணி நேரம் ஆகிவிட்டது. உள்ளே போனபோது பாப்பாவுக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. வாய் திறந்து மூடுகிறது, சத்தம் வரவில்லை. அம்மா, மனைவி, தறி ஓட்ட வரும் இரண்டு பேர் என்று நாலு பேர் ஐம்பது அடி தூரத்தில் இருந்தும் ஒருவர் காதிலும் விழவில்லை.

ராத்திரி நான் கடையை அடைத்துவிட்டு வந்ததும் மனைவி சொன்னது இவ்வளவுதான்: "ஏனுங்க, இதுக்கு எதாச்சும் பண்ணுங்க."

நாங்கள் இருப்பது பள்ளிபாளையம். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் எட்டு விசைத்தறி, வரிசைக்கு நாலாக இரண்டு வரிசை. எனக்கு மெயின் ரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை. கையில் சால்டரிங் அயர்ன் பிடித்தே இருபது வருடம் ஆகிறது. அதனால் பேபி மானிட்டர், அதாவது குழந்தை அழுதால் தூரத்தில் இருப்பவருக்குத் தெரிவிக்கும் கருவி, வைப்பது ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். முடிய இரண்டு மாதம் ஆனது. எங்கள் மாதிரி வீட்டிலேயே தறியோ, பனியன் தைக்கும் மெஷினோ, மாவு மில்லோ ஓடுகிற குடும்பங்கள் ஈரோடு, நாமக்கல், திருப்பூர் பக்கம் ஆயிரக்கணக்கில் இருப்பதால் பட்டதை எல்லாம் எழுதி வைக்கிறேன்.

முதலில் வீட்டை அளந்தேன். தூளி கட்டியிருக்கும் அறையிலிருந்து குடோனின் கடைசித் தறி வரை 52 அடி. நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு, அப்புறம் வாசல், அப்புறம் குடோனின் இரும்புத் தகரக் கதவு. எட்டுத் தறியும் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் காதில் வாய் வைத்துக் கத்த வேண்டும். விசைத்தறிக் கூடங்களில் சத்தம் 90 டெசிபெலுக்கு மேல் போவது சாதாரணம். இந்தச் சத்தத்தில் எந்த மானிட்டரின் ஸ்பீக்கரும் கேட்காது என்பது கடைக்குப் போகும் முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பணம் செலவழித்த பிறகுதான் புரிந்தது.

அலமாரியில் சும்மா கிடந்த பழைய ஆண்ட்ராய்டு போனில் ஆரம்பித்தேன். கேமரா ஆப் ஒன்றைப் போட்டு, தூளிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி, சார்ஜரை நிரந்தரமாகச் சொருகிவிட்டேன். மனைவியின் போனில் படம் வந்தது. ஆறாம் நாள் பழைய போனின் முதுகு லேசாக வீங்கியிருந்தது. இரவும் பகலும் சார்ஜில் இருந்துகொண்டே வீடியோ அனுப்பினால் பேட்டரி சூடாகிக்கொண்டே இருக்கும், வயதான பேட்டரி அதைத் தாங்காது. குழந்தை தூங்குகிற அறையில் உப்பிய லித்தியம் பேட்டரி இருக்கவே கூடாது. அன்றே கழற்றிவிட்டேன். பழைய போனை மானிட்டராக மாற்றலாம் என்று சொல்லும் வீடியோக்களைப் பார்ப்பவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வைஃபை கேமரா, 1,900 ரூபாய். படம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் என்ன தெரிந்தது? சேலை. இந்த மானிட்டர்கள் எல்லாம் கம்பி வைத்த கட்டில் தொட்டிலை மனதில் வைத்துச் செய்தவை. நம் தூளியில் குழந்தையைப் போட்டால் சேலை இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும். நடுவில் கட்டை கொடுத்து விரித்து வைத்தாலும் மேலே இருந்து பார்த்தால் நெற்றி கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். ராத்திரி கீழே மெத்தையில் போட்டுக் கொசுவலையைக் கவிழ்த்தால் வேறு தொல்லை. இருட்டில் பார்க்க கேமராவே அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. அது வலையின் நூலில் பட்டுத் திரும்பி வந்து படம் முழுக்க வெள்ளைப் பனி மூடின மாதிரி ஆகிவிடுகிறது. கேமராவை வலைக்குள்ளே வைத்தால் படம் சரியாகும், ஆனால் ஒயர் குழந்தையின் கைக்கு எட்டும். அதைச் செய்ய மாட்டேன்.

ஒயர் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2011-இல் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சுமார் 17 லட்சம் வீடியோ மானிட்டர்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட்டது. தொட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய ஒயர் கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருந்தார்கள். கருவியில் பழுது ஒன்றும் இல்லை, வைத்த இடம்தான் தப்பு. குழந்தைக்கும் ஒயருக்கும் குறைந்தது மூணு அடி இடைவெளி வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறார்கள். தூளி ஆடுகிற பொருள். ஆகவே அந்த மூணு அடியைத் தூளி நிற்கிற இடத்திலிருந்து அளக்கக் கூடாது. முழு வீச்சில் ஆட்டி, அது எட்டுகிற கடைசிப் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். நான் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். முதலில் கேமரா வைத்த இடம் கோட்டுக்கு உள்ளே இருந்தது.

படம் போனால் போகட்டும், சத்தமாவது வருகிறதே என்று இரண்டு வாரம் வைஃபை கேமராவோடே ஓட்டினோம். அழுகைச் சத்தம் கேட்டால் போனுக்கு அறிவிப்பு வரும். அது நம் அறையிலிருந்து நேராகப் பக்கத்துக் குடோனுக்கு வருவதில்லை. எங்கோ உள்ள சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது. சில சமயம் நாலு விநாடியில் வந்தது, சில சமயம் முக்கால் நிமிடம் ஆனது. ஒரு நாள் வரவே இல்லை. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று மனைவியின் போன் அந்த ஆப்பைப் பின்னணியில் நிறுத்தி வைத்திருந்தது.

ஒரு சாயங்காலம் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தேன். பாப்பா பாட்டி மடியில் இருந்தாள். கேமராவின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மனைவியின் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், இருபது நிமிடம். போன் வாயே திறக்கவில்லை. ஆப்பைத் திறந்த பிறகுதான் கேமரா இணைப்பில் இல்லை என்றது. நடுவில் அந்த இருபது நிமிடமும் மனைவி என்ன நினைத்திருப்பாள்? பாப்பா நன்றாகத் தூங்குகிறாள் என்று. சத்தம் வரவில்லை என்றால் குழந்தை தூங்குகிறது என்று ஒரு அர்த்தம், கருவி செத்துவிட்டது என்று இன்னொரு அர்த்தம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அந்தக் கருவி இல்லாமல் இருப்பதே மேல். இல்லையென்றால் அடிக்கடி எழுந்து போயாவது பார்ப்போம்.

தறியில் இருந்துகொண்டே இது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். நாடா (குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை) ஓடும்போது ஊடை நூல், அதாவது அந்தக் குறுக்கு நூல், அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். ஃபோர்க் என்று ஒரு சின்ன முள் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஊடை நூல் அந்த முள்ளைத் தள்ளிவிட்டுப் போக வேண்டும். தள்ளினால் தறி தொடர்ந்து ஓடும். நூல் இல்லையென்றால் தள்ள ஆளில்லை, தறி நிற்கும். யாரும் வந்து "நூல் அறுந்தது" என்று சொல்லத் தேவையில்லை. "நூல் இருக்கிறது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் தறி ஓடும். ரயில்வேயும் இப்படித்தான் செய்கிறது. தண்டவாளத்தில் ஓடும் சின்ன மின்சாரம் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பிடித்து வைத்திருக்கும். வண்டி வந்தாலும் சரி, ஒயர் அறுந்தாலும் சரி, பேட்டரி தீர்ந்தாலும் சரி, ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகிவிடும். நான் தேட வேண்டிய மானிட்டர் எது என்று அன்றைக்கு முடிவானது. தன் இணைப்பு அறுந்தால் தானே அதைச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வைஃபை கேமராவை வாசல் கேட்டுக்கு மாற்றிவிட்டேன், இன்றும் அங்கே நன்றாக வேலை செய்கிறது. குழந்தை அறையில் அதையே வைப்பவர்கள் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற நிரல், கம்பெனியில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த லட்சக்கணக்கான கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்துகொண்டது. எல்லாக் கருவிக்கும் ஒரே மாதிரி எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு போட்டு விற்கக் கூடாது என்று பிரிட்டன் 2024 ஏப்ரலில் சட்டமே கொண்டுவந்தது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். ரவுட்டரில் விருந்தாளிகளுக்கான தனி நெட்வொர்க் வசதி இருந்தால் கேமராவை அதில் விடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இணையம் இல்லாமல் இரண்டே பெட்டிகளாக வரும் மானிட்டரைத் தேடினேன். குழந்தைப் பக்கம் ஒன்று, நம் பக்கம் ஒன்று. இந்தப் பொருள் பிறந்ததே அப்படித்தான். 1932-இல் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்ட பிறகு அமெரிக்கப் பெற்றோரிடையே பெரிய பயம் பரவியது. அந்தப் பின்னணியில் செனித் ரேடியோ கம்பெனி 1937-இல் 'ரேடியோ நர்ஸ்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. பேக்கலைட்டில் தலை மாதிரி வளைந்திருக்கும் அதன் கூட்டை வடிவமைத்தவர் இசாமு நொகுச்சி என்ற பெரிய சிற்பி. வீட்டு மின்சார ஒயர் வழியாகவே அது சத்தத்தை அனுப்பியது. அந்த யோசனை எனக்கும் வந்தது. ஆனால் எட்டு மோட்டார் ஓடுகிற லைனில் வேறு எந்தச் சத்தமும் சுத்தமாகப் போகாது என்பது மோட்டார் கட்டுகிறவனுக்குத் தெரியும். அதை விட்டுவிட்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரப் பையன் ஒருவன், "மாமா, இங்க நல்ல மானிட்டர் கிடைக்குது, வரும்போது எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் இருக்கிறது. அங்கே நல்ல பெயர் எடுத்த மானிட்டர்களில் பல டெக்ட் வகை. கார்டுலெஸ் போனில் இருக்கிற அதே தொழில்நுட்பம். சென்னை ஐஐடியில் தொண்ணூறுகளில் கார்டெக்ட் என்று கிராமங்களுக்குத் தொலைபேசி கொடுக்க உருவாக்கினார்களே, அதற்கு அடிப்படையும் இதுதான். ஆனால் அமெரிக்க டெக்ட் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. நம் ஊரில் அந்த இடம் 2100 மெகாஹெர்ட்ஸ் பேண்டில், கைபேசிகள் டவருக்குச் சிக்னல் அனுப்பும் பகுதிக்குள் வருகிறது. அங்கே வாங்கும் 900 மெகாஹெர்ட்ஸ் மானிட்டரும் நம் கைபேசிப் பேண்டோடு மோதும். வீட்டில் பொருள் வேலை செய்யலாம், பக்கத்தில் உள்ள டவருக்கு இடைஞ்சல். அன்பாக வாங்கி வருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இங்கே கிடைப்பதில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் குடியிருக்கும் இடம்தான் அது. நல்ல மானிட்டர் ஒரே இடத்தில் நிற்காமல் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருக்கும். அதனால் இடைஞ்சல் குறைவு, வெளியாள் ஒட்டுக் கேட்பதும் கடினம். பழைய அனலாக் மானிட்டர்களைப் பக்கத்து வீட்டில் அதே அலைவரிசையில் இன்னொரு பெட்டி வைத்தே கேட்கலாம்.

சத்தம் மட்டும் உள்ளதையே தேர்ந்தெடுத்தேன், தூளிக்கு அது போதும். முதலில் வந்ததை வாங்கிய அன்றே சோதித்தேன். குழந்தைப் பக்கத்துப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினால் நம் பக்கத்துப் பெட்டி மௌனமாக உட்கார்ந்திருந்தது. மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டாவது 4,200 ரூபாய். பிடுங்கிய 14-ஆம் விநாடி பச்சை விளக்கு அணைந்து, பீப் அடிக்க ஆரம்பித்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூணு தடவை பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். 13, 14, 14.

பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருந்தது வெட்டவெளிக் கணக்கு. தகரக் கதவைச் சாத்தினால் 52 அடியே அதற்கு அதிகமாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் இணைப்பு விட்டு விட்டு வந்தது. இரும்புத் தகரம் ரேடியோ அலைக்குச் சுவர் மாதிரி. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு குடோன் முழுக்க நடந்தேன். வாசலைப் பார்த்த ஜன்னல் திட்டில் வைத்தால் கதவு சாத்தினாலும் திறந்தாலும் ஒழுங்காக இருந்தது. வாங்குவதற்கு முன் தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். நடுவில் எத்தனை சுவர், எத்தனை தகரம், எத்தனை பீரோ என்று எண்ணுங்கள்.

இப்போது பழைய கேள்விக்கு வருகிறேன். பெட்டி ஜன்னல் திட்டில் இருக்கிறது, எட்டுத் தறி ஓடுகிறது, யாருக்குக் கேட்கும்? பீப்பும் கேட்காது, அழுகையும் கேட்காது. பெட்டியில் சத்தத்துக்கு ஏற்ப எரியும் ஐந்து சின்ன எல்.இ.டி. இருந்தது, அதையும் பத்தடி தள்ளிப் பார்க்க முடியாது. கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்றால், ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் கழுத்தில் கயிறு போட்டுக்கொண்டு நிற்பதற்கு நானே விட மாட்டேன்.

அதனால் விளக்கைப் பெரிதாக்கினேன். பெட்டியைத் திறக்கவில்லை. திறந்தால் வாரண்டி போகும், குழந்தைக்கான பொருளில் கை வைக்கவும் மனம் வரவில்லை. அந்த எல்.இ.டி.யின் மேலேயே ஒளி உணரி ஒன்றை ஒட்டினேன். எல்.டி.ஆர். என்ற ஒளி உணரி பொருத்திய சின்ன மாட்யூல் ஈரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதில் வெளிச்சம் ஒரு அளவைத் தாண்டியதா என்று ஒப்பிடும் எல்.எம்.393 ஐசியும், திருகிச் சரிசெய்ய ஒரு பிரீசெட்டும் இருக்கும். வெளிச்சம் பட்டால் அதன் வெளியீடு பூஜ்யத்துக்கு இறங்கும்.

இரண்டு மாட்யூல் வாங்கினேன். ஒன்று இணைப்பைக் காட்டும் பச்சை எல்.இ.டி.யின் மேல். அதன் வெளியீடு நேராக ஒரு ரிலே மாட்யூலுக்குப் போய், குடோனில் ஒரு பச்சை பல்பை எரிய வைக்கிறது. இன்னொன்று சத்தம் காட்டும் ஐந்து விளக்கில் நாலாவதின் மேல். ஏன் நாலாவது என்றால், குழந்தை அறையின் கதவைச் சாத்தியிருந்தாலும் தறிச் சத்தத்தில் முதல் இரண்டு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தது. பாப்பா சிணுங்கினால் மூணாவது. வாய்விட்டு அழுதால் நாலும் ஐந்தும். அழுகைக்குக் காத்திருக்காமல் சிணுங்கலுக்கே ஓட வேண்டும் என்று நினைப்பவர்கள் மூணாவதில் ஒட்டலாம்.

அழுகை சீராக வராது, விட்டு விட்டு வரும். நாலாவது விளக்கும் அதோடு துடிக்கும். அதை அப்படியே ரிலேக்குக் கொடுத்தால் பல்பு மினுக்கிக்கொண்டே இருக்கும், ரிலேயும் தேய்ந்துபோகும். நடுவில் நேரம் குறிக்கும் ஐசியான 555 டைமர் போட்டேன். மாட்யூலின் வெளியீடு 555-இன் இரண்டாம் காலுக்கு. 470 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தால் ஒரு தூண்டலுக்கு ஐந்து விநாடிக்குக் கொஞ்சம் மேலே வெளியீடு நிற்கும். அது பி.சி.547 டிரான்சிஸ்டர் வழியாக ரிலேயை இழுக்கும். ரிலே காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டயோடு, அதை மறந்தால் டிரான்சிஸ்டர் நிலைக்காது. ரிலே சிவப்பு பல்பை எரிய வைக்கும். எல்லாவற்றுக்கும் பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட் போதும்.

மேஜையில் சரியாக வேலை செய்தது குடோனில் குழப்பியது. எந்தத் தறியை நிறுத்தினாலும் சிவப்பு எரிந்தது. மோட்டார் ஆன், ஆஃப் ஆகும்போது லைனில் வரும் துள்ளல் 555-ஐத் தட்டி எழுப்புகிறது. சப்ளைக்குக் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட், ஐந்தாம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோ ஃபாரட் வைத்ததும் அடங்கியது. அடுத்தது, காலை பத்து மணிக்கு மேல் சிவப்பு அணையவே இல்லை. ஒன்றும் புரியாமல் அரை நாள் போயிற்று. கூரையில் வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடித் தகட்டு வழியாக வெயில் அந்த நேரத்தில் ஜன்னல் திட்டுக்கு வருகிறது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, எல்.இ.டி.யையும் எல்.டி.ஆரையும் சேர்த்து மூடிக் கறுப்பு டேப் சுற்றினேன். அதோடு சரியாகிவிட்டது.

பல்பு 230 வோல்ட்டில் எரிவதால் ரிலேக்கு முன்னால் 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டேன். தறிக்குடோனில் மூடாத ரிலே வைக்கவே கூடாது. பறக்கிற பஞ்சு சும்மா ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

முதல் நாள் சிவப்பு பல்பை நடைபாதையின் கோடியில் மாட்டியிருந்தேன். சாயங்காலம் மனைவி சொன்னாள், "நிமிந்து பாத்தாத்தானுங்க தெரியுது. துணியைப் பாத்துட்டு இருந்தா தெரியறதில்ல." தறி ஓட்டுபவர் கண் துணி மேல்தான் இருக்கும், சரிதானே. இரண்டு வரிசைக்கும் எதிர்ச் சுவரில், நெஞ்சு உயரத்தில் ஒவ்வொரு ஜோடி பல்பு மாட்டினேன். இப்போது சிவப்பு எரிந்தால் துணியிலேயே அதன் சாயல் விழுகிறது.

பச்சை எரிந்தால் இணைப்பு இருக்கிறது. பச்சை அணைந்தால் என்ன காரணம் என்று யோசிக்க வேண்டாம், ஒருவர் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். உணரியின் மேல் பஞ்சு படிந்தாலும், சார்ஜர் செத்தாலும், பல்பே ஃபியூஸ் ஆனாலும் பச்சை அணையத்தான் செய்யும். ஊடை முள்ளைப் போலவேதான். சிவப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதன் உணரி அடைத்துக்கொண்டால் வெளியே தெரியாது. அதனால் தினமும் காலையில் தறி போடுவதற்கு முன் அம்மா குழந்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு தட்டுத் தட்டுவார்கள், குடோனில் சிவப்பு எரிகிறதா என்று மனைவி பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் பஞ்சைத் துடைப்பேன்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கரண்ட் போனால் தறியும் நின்றுவிடும். குடோனே அமைதியாகிவிடும், அப்போது காதே போதும்.

பத்து நாள் காலண்டர் தாளில் குறித்து வைத்தோம். சிவப்பு எரிந்தது 61 தடவை. அதில் 44 தடவை பாப்பாதான். மீதியில் பாதிக்கு மேல் மிக்ஸி. ஜன்னலில் வந்து கத்துகிற காக்கா நாலு தடவை. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி போட்ட அன்று சாயங்காலம் முழுக்க அணையவே இல்லை, அன்றைக்கு அம்மா பாப்பாவோடேயே உட்கார்ந்துவிட்டார்கள். பொய்யாக எரிவதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பத்து நாளில் பாப்பா அழுது யாரும் போகாமல் விட்டது ஒரு தடவைகூட இல்லை.

தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, "அழுகையைச் சொல்ல இது போதும். மூச்சை, இதயத் துடிப்பைப் பார்க்கிறோம் என்று வருகிற சாக்ஸ், பெல்ட் எல்லாம் நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு வேண்டாம்" என்றார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது. தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்க அந்தக் கருவிகளை நம்ப வேண்டாம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், படுக்கை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும், முதல் ஆறு மாதமாவது பெற்றோர் அறையிலேயே ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும் என்கிறது. தூளியைப் பற்றி மருத்துவர் கண்டிப்பாகவே சொன்னார். பகலில் ஆள் பார்வையில் மட்டும், ராத்திரி கூடாது, குப்புற விழ ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். அம்மாவுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். "உன்னையெல்லாம் ஒரு வயசு வரைக்கும் தூளிலதான சாமி போட்டேன்" என்றார்கள். ஆனாலும் அன்றிலிருந்து பகலிலும் பாதி நேரம் பாயில் மெத்தை விரித்து அதில்தான் போடுகிறார்கள்.

போன வாரம் வியாழக்கிழமை. நான் கடையில் இருந்தேன். மத்தியானம் மூணு மணிக்கு மனைவி போன் செய்தாள். தறி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பச்சை அணைந்ததாம். மூணாவது தறியில் நூல் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். வீட்டுக்கும் குடோனுக்கும் தனித்தனி கனெக்ஷன். வீட்டுப் பக்கம் ஃபியூஸ் போயிருக்கிறது. அறையில் ஃபேன் நின்று, பாப்பா வேர்வையில் நனைந்து, அழவும் இல்லாமல் கண்ணை முழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அழுதிருந்தால்கூட அந்தப் பெட்டிக்கு அப்போது உயிர் இல்லை. சிவப்பு எரிந்திருக்காது.

நான் போய் ஃபியூஸ் கம்பி மாற்றினேன். மெயினைப் போட்டதும் குடோனிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "எரியுது கண்ணு, பச்சை எரியுது."

பாப்பா இப்போது குப்புற விழுகிறாள். தூளியைக் கழற்றியாகிவிட்டது. குழந்தைப் பெட்டியின் ஒயர் இப்போது பிளாஸ்டிக் குழாய்க்குள் சுவரோடு சுவராக ஓடி, தரையிலிருந்து நாலடி உயரத்தில் முடிகிறது. தவழ ஆரம்பித்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நின்றால் நாலடி போதாது. அதற்குள் ஆறடிக்கு ஏற்ற வேண்டும்.